மூலையில் ஒரு தேதி

கிரைண்டரைக் கழுவுவது நிர்மலாதேவியின் வேலை. அந்த வீட்டுக்கு அவள் வந்த பத்தொன்பது வருடமாக அதில் மாற்றமில்லை. மாவைத் தூக்குவாளியில் வழித்த பிறகு, குழவியைத் தூக்கி வைத்து, கல்லின் இடுக்கில் விரல் விட்டு, ஒட்டியிருக்கும் உளுந்தைச் சுரண்டுவாள். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிச் சுற்றவிட்டு, அந்த வெள்ளைத் தண்ணீரைப் புறவாசல் தென்னை மூட்டில் கொட்டுவாள். அந்த வியாழக்கிழமை காலையும் கொட்டிவிட்டு வந்தபோது, அடுக்களை வாசலில் ஜெயபிரியா நின்றுகொண்டிருந்தாள். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது.

"யக்கா, விடுங்க. மிச்சத்த நான் கழுவுதேன்."

"நீ போம்மா. கைல மாவு பட்டா பேப்பர்ல அப்பிக்கிடும்." இதைச் சொன்னது நிர்மலா அல்ல. முன்னறையிலிருந்து மாமியார் ஆவுடைத்தாய். "அவ பாத்துக்கிடுவா. ஒனக்கு அடுத்த வாரம் பரிச்சைல்லா?"

"பரிச்சை இல்ல அத்தை, ரிவ்யூ."

"என்னமோ ஒண்ணு. ஊரையே கட்டுத படிப்பு படிக்கவ உளுந்து சுரண்டுதான்னா நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

ஜெயபிரியா நிர்மலாவைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். நிர்மலாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத் தனியாக எதுவும் செலவாகவில்லை. ஜெயபிரியா லீவுக்கு வந்த இந்த மூன்று வாரத்தில் அது பழகியிருந்தது.

ஜெயபிரியா ஓரகத்தி. நிர்மலாவின் கணவன் விஜயசங்கரின் தம்பி குற்றாலீஸ்வரனைக் கட்டியவள். வாசுதேவநல்லூர்ப் பெண், ஆர்க்கிடெக்சர் முடித்துவிட்டுத்தான் கல்யாணமே செய்துகொண்டாள். குற்றாலீஸ்வரன் ராணுவத்தில் ராஜஸ்தான் பக்கம் இருந்தான். தாலி ஏறிய நாலாம் மாதம் அவள் சென்னையில் எம்.பிளான் சேர்ந்தாள். நகரத்தை எப்படி வளரவிடுவது, ரோடு எங்கே போகவேண்டும், குப்பை எங்கே போகவேண்டும், மழைத்தண்ணீர் எங்கே போகவேண்டும் என்று இரண்டு வருடம் படிக்கிற படிப்பு. இப்போது கடைசி செமஸ்டர். குற்றாலத்துக்கு சீசனில் வரும் வண்டிகளை என்ன செய்வது என்பதுதான் அவளுடைய தீசிஸ். லீவுக்கு மட்டும் இலஞ்சியில் இந்த வீட்டுக்கு வருவாள், போவாள். சாரல் மாதங்கள் முழுக்கக் கல்லூரியில் போய்விடும்.

நிர்மலாவுக்கு நாற்பத்தொன்று. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படித்தவள், வகுப்பில் முதல். இன்ஜினியரிங் காலேஜில் நேராக இரண்டாம் வருடம் சேர்வதற்குக் கலந்தாய்வுக் கடிதம் வந்த அதே வாரம், இலஞ்சியிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குப் போலீஸ் வேலை. படிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகும் படித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. பிறகு அவள் கேட்டபோது ஆவுடைத்தாய் கோபப்படவில்லை. சிரித்தாள். "வீட்டுக்குப் படம் போட்டது போதும், இனிம வீட்ட நடத்து" என்றாள். சரி, வீட்டிலேயே இருந்து யாருக்காவது பிளான் வரைந்து கொடுக்கிறேன், வடக்குப் பக்கத்து அறையில் டிராயிங் போர்டைப் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டாள். "நெல்லு மூட்டைய எங்கன வைக்க? ஒன் தலைமேலயா?" என்றாள் ஆவுடைத்தாய். போர்டு பரணுக்குப் போனது.

மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, தென்காசியில் அகமது கபீர் என்ற இன்ஜினியரின் பிளான் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினாலு வருடம் ஆகிவிட்டது. குத்துக்கல்வலசையில் புதிதாக முளைத்த வீடுகளில் பாதி, அவள் கம்ப்யூட்டரில் வரைந்தவை. எந்த வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் கக்கூஸ், எந்த வீட்டில் சாமி அறைக்காக ஹாலைக் குறுக்கினார்கள் என்று பஸ்ஸில் போகும்போதே சொல்லிவிடுவாள். ஆனால் ஷீட்டில் இருக்கும் கையெழுத்து கபீருடையது. லைசென்ஸ் அவருக்குத்தானே. "நிர்மலா பாத்தாச்சுன்னா நான் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுருவேன்" என்று அவர் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். வருகிறவர்கள் அவரைத்தான் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

கபீரின் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை யாரோ எடுத்துப்போன பழைய படம் திரும்பி வராமல் பெரிய வில்லங்கமாகிவிட்டது. அதிலிருந்து, அலமாரியில் இருக்கும் எந்தப் படத்தை நகல் எடுத்தாலும், நகலின் வலது கீழ் மூலையில் ஊதா மையில் ஒரு முத்திரை குத்தவேண்டும். அன்றைய தேதி, எடுத்தவரின் பெயரெழுத்து. கபீரே எடுத்தாலும் குத்தவேண்டும். அந்த முத்திரையைக் காப்பது நிர்மலாவின் பொறுப்பு.

பிப்ரவரியில் ஜெயபிரியா கிறிஸ்டி என்ற கூட்டாளியோடு பத்து நாள் வந்து தங்கினாள், தீசிசுக்கு ஊரை அளப்பதற்கு. இரண்டு பேரும் தொப்பி போட்டுக்கொண்டு, டேப்பும் நோட்டுமாக இலஞ்சியிலிருந்து குற்றாலம் வரை நடந்தார்கள். தோப்புகளுக்கு ஊடே எட்டு மீட்டர் அகலத்தில், வீடோ வேலியோ இல்லாமல் மலைப்பக்கம் போகிற ஒரு மண் தடத்தை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஆடு மேய்க்கும் சுடலைமுத்துவிடம் இது என்ன என்று கேட்டதற்கு, "தடந்தாம்மா. நாங்க பொறந்ததுலருந்து இதுல நடக்கோம்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பிப்ரவரியில் அது தடம்தான். சைக்கிள் போகும், ஆடு போகும், பைக்கில் பால் கேன் போகும். ஜூன் மாதம் சாரல் பிடித்து மலையில் நாலு நாள் விடாமல் பெய்தால், அதே சுடலைமுத்து, "ஓடைல தண்ணி போவுது, சுத்திப் போங்க" என்பார். அந்த ஊரில் யாரும் அதை இரண்டு பெயர் என்று நினைத்ததில்லை. எந்த மாதத்தில் கேட்கிறீர்களோ அந்த மாதத்துக்கு உரிய பதில் கிடைக்கும்.

ஜெயபிரியா வெறும் வாய்ப்பேச்சை நம்புகிறவள் அல்ல. அன்று சாயங்காலம் சாப்பிட உட்காரும்போது கேட்டாள். "யக்கா, நெட்ல எடுத்த கிராம மேப்பு ரொம்ப மங்கலா இருக்கு. ரெட்டைக் கோடு தெரியுது, பக்கத்துல என்ன எழுதிருக்குன்னு விளங்கல. அந்த சர்வே நம்பருக்குப் புலப்படம் ஒங்க ஆபீஸ்ல இருக்குமா?"

புலப்படம் என்பது சர்வேத் துறை ஒவ்வொரு நிலத்துக்கும் அளந்து போட்ட படம். கிணறு, பாதை, ஓடை எல்லாம் அதில் இருக்கும். ஓடை என்றால் ஓடை என்றே எழுதியிருக்கும். எந்த அலமாரியில், எந்தத் தட்டில் அது இருக்கிறது என்று நிர்மலாவுக்குத் தெரியும். பக்கத்துத் தோப்பைப் பிளாட் போட வந்தவருக்காகப் போன வருடம் அவளேதான் எடுத்துப் பார்த்தாள்.

"பாக்கேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது ஆவுடைத்தாய், "ஏட்டி நிர்மலா, வடக்கு ரூம்புல கெடக்குத ஒன் தையல் மிசின எடுத்துப் பட்டாசாலைல போட்டுட்டேன். இந்தப் புள்ளையோ படிக்க ஒரு எடம் வேண்டாமா? மேசையும் வாங்கியாறச் சொல்லிருக்கேன்" என்றாள்.

நெல் மூட்டைகள் என்ன ஆயின என்று நிர்மலா கேட்கவில்லை. குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் பழசு. கரையான் அரிச்சு எப்பமோ தூரப் போட்டாச்சு" என்றாள்.

மறுநாள், பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, மத்தியானம் கபீர் தொழுகைக்குப் போன நேரத்தில் அந்தப் புலப்படத்தை எடுத்து ஒரு நகல் போட்டாள். பழக்கத்தில் கை தானாகப் போய் முத்திரையும் குத்தியது. கொடுப்பதற்காகத்தான் எடுத்திருக்கவேண்டும். கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டும் வந்தாள். வடக்கு அறையில் புது மேசை வந்திருந்தது. மேலே ஒரு விளக்கு. ஆவுடைத்தாய் ஒரு தட்டில் அதிரசமும் தம்ளரில் பாலும் கொண்டுபோய் அந்த மேசையில், கறை படியாமல் அடியில் ஒரு துணி விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். நிர்மலா நேராகத் தன் அறைக்குப் போய், அந்த நகலைப் பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில் வைத்தாள். அது நாலு மாதமாக அங்கேயே இருந்தது.

கிரைண்டர் கழுவிய அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஜெயபிரியா தன் ஷீட்களைப் பட்டாசாலைக் கூடத்தில் விரித்துக் காட்டினாள். சனிக்கிழமை ரயில், செவ்வாய்க்கிழமை ரிவ்யூ. சட்டையைக்கூட மாற்றாமல் விஜயசங்கர் வந்து குனிந்து பார்த்தான். இருபது வருட சர்வீசில் பாதி சீசன்களைக் குற்றாலத்து ரோட்டில் விசிலோடு கழித்தவன்.

"வண்டியெல்லாம் இலஞ்சிலயே நிப்பாட்டிருவியா?"

"ஆமா அத்தான். அங்கருந்து ஜனங்க நடந்து போவாங்க."

"ஏ பிரியா, எங்க விசிலுக்கே நிக்காதவன் ஒங் கோட்டுக்கு நிப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்து, முதல் ஷீட்டைத் தாண்டாமலே அவன் போய்விட்டான். ஆவுடைத்தாய்க்குப் படம் படிக்கத் தெரியாது. பச்சை நிறத்தைப் பார்த்து, "வயக்காடு மாதிரி லெச்சணமா இருக்கு" என்றாள். கடைசி ஷீட்டை ஜெயபிரியா நிர்மலாவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

எட்டு மீட்டர் அகலத்தில் ஒரு நடைபாதை. இரண்டு பக்கமும் மரம், நடுவில் உட்காரக் கல் பெஞ்சு. 'சாரல் நடை' என்று தலைப்பு. குடை பிடித்துக்கொண்டு ஜனங்கள் நனைந்தபடி நடந்து போகிற மாதிரி ஒரு சித்திரம்.

ஊரில் வேறு யாருக்கும் அது எந்த இடம் என்று தெரிந்திருக்காது. கோடுகளைப் படித்துச் சம்பாதிக்கிற நிர்மலாவுக்கு, பாலத்தருகே முழங்கை மாதிரி ஒரு வளைவு வந்ததுமே தெரிந்துவிட்டது. சாரலில் நடப்பதற்காக இந்தப் பெண் போட்டிருக்கிற பாதை, சாரல் வந்தால் ஆளுயரத் தண்ணீருக்குள் இருக்கும். பெஞ்சும் இருக்கும், ஜனங்களும் இருப்பார்கள், குடை மட்டும் மேலே தெரியும்.

"எப்படி இருக்கு, யக்கா?" என்றாள் ஜெயபிரியா. "மத்தவங்க சும்மா நல்லாருக்கும்பாங்க. ஒங்களுக்குத்தான் தெரியும்."

நிர்மலா ஷீட்டைக் கொஞ்சநேரம் பார்த்தாள். வயிற்றுக்குள் ஏதோ இதமாக இறங்கியது. நல்ல பசியில் முதல் வாய் சோறு இறங்குவது போல.

"கோடெல்லாம் சுத்தமா இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஓடவில்லை என்றாலும் மனம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சென்னையில் நீளமான ஒரு மேசை, அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட நாலு பேர். அதில் ஒருவராவது இந்தப் பக்கத்து ஆளாக இருக்கமாட்டாரா? 'ஏம்மா, இது ஓடை இல்லையா?' என்று அவர் கேட்பார். ஜெயபிரியா பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவிவிட்டு முழிப்பாள். ஆவுடைத்தாய்க்குப் போன் வரும். இந்தக் காட்சியை நிர்மலா மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள்; ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்காரர்களில் ஒருவர் கூடிக்கொண்டே போனார்.

மத்தியானம் வீரகேரளம்புதூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வீட்டு பிளானோடு வந்தார். வேறு யாரோ வரைந்தது. நிர்மலா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க கெழக்குச் செவுரு வாய்க்கால்ல நிக்கி" என்றாள். அவர் நம்பவில்லை. அவள் அலமாரியைத் திறந்து, புலப்படத்தை எடுத்து, கோட்டின்மேல் கோட்டை வைத்துக் காட்டினாள். அந்த மனிதர் அவளையே பார்த்தார். "நல்லவேள, தாயி. வரைஞ்ச பய இத சொல்லவே இல்ல பாத்தியளா? தெரிஞ்ச ஆளுகிட்ட வந்தேன்" என்றார். கபீர் உள்ளே இருந்தார். ஆனால் அதை அவர் சொன்னது நிர்மலாவிடம்.

பஸ்ஸில் வரும்போது அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே வந்தாள். தெரிந்த ஆள். சென்னையில் நாலு பேர் கேள்வி கேட்டு ஜெயபிரியா முழித்தால், தப்பு செய்தவள் ஜெயபிரியா என்று ஆகும். கண்டுபிடித்தவர் கண்ணாடிக்காரர் என்று ஆகும். எல்லாம் தெரிந்தும் வீட்டில் ஒருத்தி கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்தாள் என்பது யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னால்தான் தெரியும். இத்தனை படித்தவளுக்கு இது தெரியவில்லை, எனக்குத் தெரியும் என்பதை வடக்கு அறையின் அந்தப் புது மேசைக்கு முன்னால் நின்றே சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும், அது கருணை போலவே இருந்தது. நிர்மலாவும் அதைக் கருணை என்றே எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் காற்று மாறியது. மலை தெரியாமல் மேகம் இறங்கி, தூறல் சரிந்து விழ ஆரம்பித்தது. காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஆவுடைத்தாய் உள்ளே ஓடிவந்தாள். "சாரல் புடிச்சாச்சு. இனிம ஒரு துணி காயாது" என்றாள். நிர்மலா பீரோவைத் திறந்து, பட்டுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். ஜெயபிரியாவுக்குக் காபி போட்டு ஒரு கையில் எடுத்துக்கொண்டு, வடக்கு அறைக்குப் போனாள்.

ஷீட்களைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தாள் ஜெயபிரியா. ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"பிரியா, அந்தக் கடைசி ஷீட்ட விரி."

விரித்தாள். நிர்மலா தம்ளரை மேசையில் துணி இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, நகலை ஷீட்டின்மேல் போட்டாள். வளைவைச் சேர்த்து வைத்தாள். விரலால் தொட்டுக் காட்டினாள். கோட்டோரமாகச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: ஓடை.

"இது தடம் இல்ல. மலைத் தண்ணி எறங்குத ஓடை. நம்ம குளத்துக்கு வருது. நீ குடை புடிச்சி நடக்க விட்டுருக்கல்லா, அந்த மாசந்தான் இதுல தண்ணி ஓடும். ஒன் பெஞ்சு தண்ணிக்குள்ள கெடக்கும்."

ஜெயபிரியா குனிந்தாள். அவள் முகம் வெளுத்ததை நிர்மலா பார்த்தாள். இதற்காகத்தான் வந்தாள், பார்த்தாள், நன்றாகவே இருந்தது.

"சுடலைமுத்து தாத்தா தடம்னாரே."

"பிப்ரவரில கேட்டா தடந்தான். இன்னும் ஒரு வாரம் கழிச்சிக் கேளு."

ஜெயபிரியா கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். "அப்பம் வருசத்துல எத்தன மாசம் தண்ணி இருக்கும்? மூணா? அந்த மூணு மாசமும் தண்ணிக்கு விடணும். பாதைய மேலே தூக்கணும், கரையோரமா, தூண் போட்டு." ஷீட்டின் பின்பக்கம் வரைய ஆரம்பித்தாள். "பெஞ்சு வேண்டாம். ஜனங்க நடந்து போகும்போது கீழ தண்ணி போறதப் பாக்கட்டும். யக்கா, இது முன்னால போட்டதவிட நல்லா இருக்குக்கா. ஓடைய வச்சே ஆரம்பிக்கலாம். ட்ரெயின்லயே வரைஞ்சிருவேன்."

வெளுத்த முகம் எங்கே போனதென்று தெரியவில்லை. பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. பதினாலு வருடம் ஓடை எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தும், அதன்மேல் ஒரு பாதை போகலாம் என்று நிர்மலாவுக்குத் தோன்றியதில்லை. யாரும் அவளைக் கேட்டதுமில்லை.

"இத நான் வச்சிக்கிடட்டுமாக்கா? ரிப்போர்ட்ல சேக்கணும், ஆதாரம் கேப்பாங்க" என்று ஜெயபிரியா நகலைக் கையில் எடுத்தாள். எந்தப் படத்தை எடுத்தாலும் முதலில் மூலையைப் பார்க்கவேண்டும் என்பது அவளுக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்த பழக்கம். யார் வரைந்தது, என்ன அளவு, என்றைக்கு.

அவள் கண் வலது கீழ் மூலைக்குப் போவதை நிர்மலா பார்த்தாள். அப்போதுதான் அந்த ஊதா மை அவளுக்கு நினைவு வந்தது. பதினாலு வருடத்தில் ஒரு மூலையைக்கூடப் பார்க்காமல் வெளியே விடாதவள்.

பென்சில் நின்றது. ஜெயபிரியா அந்தத் தேதியை இரண்டு தடவை படித்தாள்.

"யக்கா."

நிர்மலா தம்ளரைப் பார்த்தாள். காபி குடிக்காமல் ஆடை கட்டியிருந்தது.

"இது பிப்ரவரி பத்தொம்பது போட்டிருக்கே. நான் ஒங்ககிட்ட கேட்டதுக்கு மறுநா." குரல் உயரவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலத்தான் கேட்டாள். "அப்பமே எடுத்துட்டீங்களா? பெறவு ஏங்க்கா குடுக்கல?"

நிர்மலா தம்ளரை எடுத்தாள். அது இருந்த இடத்தில், புது மேசையில், வட்டமாக ஒரு கறை விழுந்திருந்தது. முந்தானையால் அதைத் துடைத்தாள். முழுதாகப் போகவில்லை, இன்னொரு தடவை துடைத்தாள். பிறகு காபி சிந்தாமல் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த அறையைவிட்டு வெளியே போனாள்.